ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் கேட்ட வார்த்தை

போன பெப்ரவரி மாதம், நல்ல வெயில் நேரம், என் மனைவி ஞானம் என் கண் முன்னால் தேயிலைக்குள் விழுந்தாள். எங்களுக்கு நடுவில் ஒரு ஓடைதான் இருந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரம். ஆனால் என் கால் நகரவில்லை.

சபையில் எழும்பிப் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனாலும் ஆண்டவர் செய்ததை உள்ளே வைத்திருக்க மனசு வரவில்லை. அதனால் எழுதித் தருகிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் லிந்துலைப் பக்கம். அன்று நான் முற்றின செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தேன். எதிர் மலையில் பெண்கள் கொழுந்து எடுத்தார்கள். திடீரென்று அங்கே பேச்சுச் சத்தம் நின்றது. அப்புறம் ஒரே அலறல். குளவிக் கூடு கலைந்துவிட்டது.

குளவி வந்தால் ஓடக் கூடாது. தேயிலைக்கு அடியில் குப்புறப் படுத்து, இடுப்பில் கட்டியிருக்கிற தடித்த படங்குச் சீலையை அவிழ்த்துத் தலையோடு மூடிக்கொள்ள வேண்டும். தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். ஞானமும் அப்படித்தான் படுத்தாள். நான் பார்த்தேன். ஆனால் பக்கத்து லயத்து வீட்டு விமலா ஏழு மாதக் கர்ப்பிணி. அந்தப் பிள்ளையால் குப்புறப் படுக்க முடியாது. அவள் ஓடினாள். குளவி அவள் பின்னாலேயே போனது. ஞானம் எழும்பிப் போய் அவளை இழுத்து உட்கார வைத்து, தன் படங்கையும் அவள் மேலே போட்டாள். அதன் பிறகு ஞானத்துக்கு மூடிக்கொள்ள ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் கையை வீசினாள். பிறகு சாய்ந்தாள்.

என் கால் நின்றுபோனதற்குக் காரணம் இருக்கிறது.

கல்யாணமான புதிதில் ஒரு நாள் நாங்கள் ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் நின்றோம். கை பார்த்துச் சாத்திரம் சொல்கிற ஒரு பெண் வந்து, நாங்கள் கேட்காமலே ஞானத்தின் கையைப் பிடித்தாள். ஞானம் வடை தின்றுகொண்டிருந்தாள். அதில் பாதியைக் கேட்டாள் அந்தப் பெண். எனக்கே பசி, தர மாட்டேன் என்று ஞானம் சிரித்தாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. கையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

“இவ வெட்டவெளியில சாய்வா. நீ பார்த்துக்கிட்டே நிப்ப. உன்னால ஒன்னும் ஏலாது.”

பஸ்ஸில் ஏறியதும் ஞானம் சொன்னாள், “அரை வடைக்கு என்னைய சாகடிச்சிட்டா. முழு வடையும் கேட்டிருந்தா உங்களையும் சேர்த்து அனுப்பியிருப்பா.” முன் சீட்டில் இருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிள்ளைகள் பிறந்தார்கள். ஆண்டவரை அறிந்தோம். ஞானஸ்நானம் எடுத்தோம். ஆனாலும் அந்த வார்த்தை எனக்குள்ளே கிடந்தது. சாயந்தரம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் அவள் குரல் கேட்கும்வரை எனக்கு மூச்சு சரியாக வராது.

அவள் விழுந்ததும் அந்தப் பெண்ணின் குரல்தான் காதில் கேட்டது. நீ நிப்ப. நான் நின்றேன். கையில் கவ்வாத்துக் கத்தி. கூட இருந்தவர்கள் ஏதோ கத்துகிறார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாய் மட்டும் திறந்தது.

“ஏசப்பா, நான் நிக்க மாட்டேன். என்னைய நடத்துங்க.”

ஆட்கள் முன்னால் நான் சத்தமாகச் செய்த முதல் ஜெபம் அதுதான். கால் எழும்பியது.

பக்கத்தில் கிடந்த சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடையில் இறங்கி ஏறினேன். சாக்கின் மேல் குளவி பொத்துப் பொத்தென்று விழுந்தது. கையிலும் கழுத்திலும் கொட்டியது. நான் அவளிடம் போய்ச் சேர்வதற்குள் மலை உச்சியிலிருந்து பனிமூட்டம் இறங்கியது. அந்த வெயிலுக்கு அது வரும் என்று யாரும் நினைக்கவில்லை. குளிர் பட்டதும் குளவி விலகிப் போனது. அது தானாக வந்தது என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். நான் கூப்பிட்ட பிறகுதான் வந்தது.

ஞானத்தின் முகம் அடையாளம் தெரியவில்லை. அவளை ரோட்டுக்குத் தூக்கி வந்தோம். வேலை பார்க்கிற கங்காணி கொழுந்து லொறியை மறித்தார். டிரைவர் கொழுந்துச் சாக்குகளை ரோட்டிலேயே இறக்கிப் போட்டுவிட்டு, ஏறு ஏறு என்று சிங்களத்தில் அவசரப்படுத்தினார்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். ஒக்சிஜன் வைத்தார்கள். இப்போது ஒன்றும் சொல்ல முடியாது என்றார் டொக்டர். வாசலில் நின்ற ஒருவர், நேரம் வந்துவிட்டால் யார் என்ன செய்வது என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். அந்தப் பெண் சொன்னதில் முதல் பாதி நடந்துவிட்டது. மிச்சமும் நடந்துவிடுமோ?

அடுத்த நாள் பகலும் அவள் கண் திறக்கவில்லை. அவளோடு பேசுங்க என்று நர்ஸ் மிஸ்ஸி சொன்னார். பெண்கள் வார்டு. எல்லாரும் பார்க்கிறார்கள். எனக்குப் பேச்சு வரவில்லை, ஜெபம்தான் வந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்த வார்த்தையை எடுத்துப் போடுங்க, இவளைத் திருப்பிக் குடுங்க என்று வாய்விட்டுக் கேட்டேன். அழுதேன். பக்கத்துக் கட்டில் சிங்கள அம்மா எழும்பிக் கைகூப்பினார்.

அப்போது கீழே கட்டிலில் இருந்து ஒரு சின்னக் குரல் வந்தது.

“மெதுவா. ஏசப்பாவுக்குக் காது நல்லாத்தான் கேக்கும்.”

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மத்தியானம், பஸ் ஸ்டாண்டில் வந்த பெண்ணை ஞாபகம் இருக்கிறதா என்று அவளிடம் கேட்டேன்.

“மலை ஏறுற ஒவ்வொரு நாளும் ஞாபகம் வந்துச்சு. நீங்க பயப்படுவீங்கன்னுதான் சிரிச்சேன்.”

ஒரே வீட்டில் ஒரே பயத்தை, ஒருவருக்கொருவர் தெரியாமல் இத்தனை வருஷம் சுமந்திருக்கிறோம். அப்படிப் பயந்தவள் எப்படி எழும்பினாய் என்றேன்.

“அந்தப் புள்ள ஓடுறதுதான் தெரிஞ்சிச்சு. எழும்புன்னு யாரோ சொன்ன மாதிரி இருந்துச்சு. எழும்பிட்டேன்.”

விமலாவுக்குச் சுகமாகப் பெண் பிள்ளை பிறந்தது. ஞானம் மறுபடியும் அதே மலையில் கொழுந்து எடுக்கிறாள். சாயந்தரத்தில் நான் இப்போது பயந்து நிற்பதில்லை. சாத்திரம் சொன்ன பெண் மேல் கோபமும் இல்லை. அவளுக்காகவும் ஜெபிக்கிறோம்.

யாரோ எப்போதோ சொன்ன வார்த்தைக்குப் பயந்து நீங்களும் வாய் மூடி இருந்தால், அதை ஆண்டவரிடம் சத்தமாகச் சொல்லுங்கள். பிறகு வீட்டில் இருக்கிறவரிடமும் சொல்லுங்கள். தனியாக முடியாவிட்டால் எங்கள் லயத்துக்கு வாங்க. நான் அதிகம் பேச மாட்டேன். ஞானம் பேசுவாள். தேத்தண்ணியும் அவள்தான் ஊற்றுவாள்.