ஓலை நட்ட கரை

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. தலையில் மீன் கடகம் சுமந்து நெல்லியடிச் சந்தைக்கு நடந்தவள், இன்றைக்கு இந்தக் கரையில் சொந்தமாக, ஐஸும் மீனும் விற்கிற ஐஸ் வாடி வைத்திருக்கிறேன். லொறி ஓடுகிறது. படித்த பிள்ளைகள் என்னிடம் சம்பளத்துக்கு நிற்கிறார்கள். ஆகவே பெண்கள் குளிக்கிற கரைக்கு ஆபத்து வந்தபோது ஊர்ப் பெண்கள் என்னிடம் வந்ததில் அதிசயம் இல்லை. வேறு யாரிடம் போவார்கள்?

அந்தக் கரை, வள்ளங்கள் இழுக்கிற துறைக்குக் கிழக்கே, தாழம் பற்றைகளுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. கற்பாறை வளைந்து ஒரு சின்னக் குடா. விடியலில் முதலில் போகிறவள் ஒரு பச்சைப் பனையோலையைப் பற்றை வாசலில் நட்டுவிடுவாள். ஓலை நின்றால் ஆண்கள் அந்தப் பக்கம் தலை வைக்கமாட்டார்கள். கடலில் இருந்து வருகிற வள்ளம்கூட வெளியால் சுற்றிக்கொண்டுதான் துறைக்கு வரும். உள்ளே ஒருவருக்கும் சட்டம் இல்லை. குறுக்குக்கட்டோடு இறங்குகிறவள் இறங்குவாள். அதையும் கல்லில் அவிழ்த்து வைத்துவிட்டு இறங்குகிறவள் இறங்குவாள். நான் அவிழ்க்கிற கட்சி. இராணுவக் காவலரண் அங்கே நின்ற வருடங்களில் ஒருத்தியும் போகவில்லை. அது எடுபட்ட பிறகு முதல் ஓலையை நட்டவள் நான்தான். யாரையும் கேட்டுப் பாருங்கள்.

என் வாடியில் மீன் தரம் பிரிக்கிற ஒருத்தி இருக்கிறாள். கடைசிச் சண்டையில் ஷெல் விழுந்து எரிந்தவள். முதுகும் ஒரு பக்க மார்பும் போய்விட்டன. அதை மூடி வளர்ந்த தோல் வியர்க்காது. வெயில் ஏற ஏற உள்ளே கொதிக்கும். ஈரத்துணி ஒட்டினால் உரிந்து புண்ணாகும். அவள் இருக்கிற இடத்தில் கிணறு ஐந்தாறு வீட்டுக்குப் பொது. அங்கே சட்டையோடுதான் குளிக்கலாம். காலையில் வெறும் மேலோடு கடலில் மல்லாந்து கிடந்தால் மட்டும் அன்றைய பொழுது அவளுக்குப் போகும். அவளை முதன்முதல் அந்தக் குடாவுக்குக் கூட்டிக்கொண்டு போனவளும் நான்தான். அவள் சட்டையைக் கழற்றியபோது எல்லோரும் கண்டார்கள். ஒரு கிழவி மட்டும் வாய் திறந்தாள். “இறங்கடி பிள்ளை, தண்ணி இப்ப நல்ல இளஞ்சூடு.” அவ்வளவுதான். அதன் பிறகு அவள் ஒரு நாளும் தவறவிடவில்லை.

பிறகு வெளிநாட்டில் இருந்து வந்த ஒருவர் பற்றைக்குப் பின்னால் காணி வாங்கி, மாடி வைத்து ஹோட்டல் கட்டினார். மேல்மாடி முழுக்கக் கண்ணாடி. ஒரு நாள் காலையில் நாங்கள் தண்ணீருக்குள் நிற்கும்போது மேலே இரண்டு ஆண்கள் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவள் கழுத்துவரை தாழ்ந்தபடி கல்லோடு ஒதுங்கினாள். அவர்கள் உள்ளே போகும்வரை வெளியே வரவில்லை. விரல் எல்லாம் வெளிறி, பல் கிட்டிப்போய்த்தான் வந்தாள்.

அன்றைக்கே ஐஸ் வாடி முற்றத்தில் கூட்டம் போட்டேன். “பெண்கள் கரைக் குழு” என்று பெயரும் வைத்தேன். பிரதேச செயலகக் கந்தோருக்குப் போனோம். அங்கே இருந்த ஐயா, “அம்மா, கடற்கரை எல்லாருக்கும் பொது. ஓலைக்குச் சட்டம் இல்லை” என்றார்.

“சட்டம் வரமுதலே அந்த ஓலை நிண்டது ஐயா” என்று சொல்லிவிட்டு, நேரே ஹோட்டல்காரரிடம் போனேன்.

அவர் சிரித்தார். “அன்ரி, நான் இருந்த நாட்டிலை பொம்பிளையள் உடுப்பில்லாமல் கடற்கரையிலை படுத்திருப்பினம். ஒருத்தரும் திரும்பியும் பாக்காயினம்.”

“தம்பி, பாக்காத ஊரிலை இருந்து வந்தும் பாக்கிறதுக்கெண்டே மாடி கட்டினனீரோ?”

என்னோடு வந்த பெண்கள் அவர் வாசலிலேயே விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்பால் கண்ணாடி மறைபடாது. எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். அவருக்கு ஐஸ் நிற்பாட்டினேன். என்னிடம் ஐஸ் எடுக்கிற ஒருவரும் அவருக்கு மீன் கொடுக்கக்கூடாது என்றேன். இந்தக் கரையில் என்னிடம் ஐஸ் எடுக்காதவர் யார்? கடற்கரை ஹோட்டலில் சாப்பாட்டுக்கு மீன் இல்லை என்றால் எத்தனை நாள் தாங்கும்? மாதம் முடியமுன் மேல்மாடிக்குக் கல் அடுக்கி மறைப்புக் கட்டினார். கந்தோரால் முடியாததை நான் ஐஸால் செய்தேன்.

அந்த வெற்றிக்குப் பிறகுதான் மீனவர் சங்கத் தலைவர் குழுவுக்குள் வந்தார். நல்ல மனிதர். என்னிலும் வயது குறைந்தவர். சங்கத்து ஆண்களையும் கூட்டிக்கொண்டு என் முற்றத்துக் கூட்டத்துக்கு வந்தார்.

“அக்கா, இண்டைக்கு இவனை மறிச்சிட்டியள். நாளைக்கு இன்னொருத்தன் கட்டுவான். நிரந்தரமா ஒண்டு செய்வம். வெளிநாட்டிலை இருக்கிற எங்கடை ஆக்கள் காசு தருகினம். மதில், லைட், ஒரு கமரா.”

“கமராவை ஆர் பாக்கிறது?”

“ஒருத்தரும் பாக்காயினம். சங்கக் கந்தோரிலை கிடக்கும். பிரச்சினை எண்டால் மட்டும் போட்டுப் பாப்பம்.”

“பிரச்சினை வந்தால் எங்கடை குண்டியைப் போட்டுப் பாப்பியளோ?”

கூட்டம் சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை. “அதுக்குத்தானே அக்கா, எல்லாரும் உடுப்போடை குளிக்கவேணும் எண்டு ஒரு போர்டும் போடுவம்” என்றார்.

நான் எழும்பிக் கத்தினேன். கரை எதற்கு இருக்கிறது, ஓலை எதற்கு நட்டோம் என்று கேட்டேன். அப்போது முன்வரிசையில் இருந்த ஒரு தாய் மெல்லச் சொன்னாள். “அக்கா, உங்களுக்குப் பொம்பிளைப் பிள்ளை இல்லை. என்ரை பிள்ளையின்ரை படம் போன் வழிய திரிஞ்சால் நான் கிணத்துக்கை விழவேணும்.”

நான் திரும்பக் குந்தினேன். சம்மதமானவர்கள் கை உயர்த்தச் சொன்னார்கள். என் முற்றத்தில், நான் கூட்டின பெண்கள், ஒவ்வொன்றாகக் கையை உயர்த்தினார்கள். மீன் தரம் பிரிக்கிறவள் பின்னால் ஐஸ் பெட்டியோடு சாய்ந்து நின்றாள். கையை உயர்த்தவும் இல்லை, கதைக்கவும் இல்லை. கதைத்தால் ஏன் என்று கேட்பார்கள். ஊர் ஆண்கள் இருக்கிற கூட்டத்தில் எதைக் காட்டிச் சொல்லுவாள்?

மதில் எழும்பியது. கம்பத்தில் கமரா ஏறியது. “கண்ணியமான உடையுடன் நீராடவும்” என்று போர்ட் வந்தது, கீழே எங்கள் குழுவின் பெயரோடு. அந்தப் பெயர் வைத்தவள் நான்.

அவள் வருவதை நிறுத்தினாள். நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. வாடிக்குப் பின்னால் மறைப்புக் கட்டி, தொட்டி வைத்து, பம்பு போட்டுக் கடல் தண்ணீர் ஏற்றிக் கொடுத்தேன். ஒரு கிழமை குளித்தாள். பிறகு, “குறை நினையாதையுங்கோ அக்கா. இதுக்கை குந்தத்தான் ஏலும். அங்கை நான் படுத்துக்கிடப்பன்” என்றாள். சித்திரை வெயிலில் தோள்பக்கம் வெடித்தது. நாலு நாள் வந்தால் இரண்டு நாள் வரமாட்டாள். சம்பளத்தை நான் வெட்டவில்லை. அதற்கும் அவளுக்குக் கோபம்.

மாரியில் கமரா செத்தது. திருத்த வந்தவர் ஏறிப் பார்த்துவிட்டு, “உப்புக்காத்து உள்ளுக்கை திண்டிட்டுது” என்று சொல்லிப் போனார். தலைவர் என்னைத் தனியே கூப்பிட்டார். “அக்கா, வெளியிலை சொல்லிப்போடாதையுங்கோ. செத்தாலும் அது நிண்டால் போதும், பயம் இருக்கும்.” நான் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். எல்லோரும் ஓம் ஓம் என்றார்கள். காலையில் பார்த்தால் எல்லோரும் நீளச் சட்டையோடு நிற்கிறார்கள்.

ஒரு விடியலில் அவளை வாடியில் இருந்து கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். மதில் வாசலில் ஓலையை நட்டேன். வேறு ஒருத்தியும் அங்கே இல்லை. நான் உடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வைத்துவிட்டு இறங்கினேன். இந்த வயதில், கம்பத்துக்கு நேரே நிமிர்ந்துதான் நின்றேன்.

“இறங்கடி. அது செத்துப்போச்சு. என்ரை கண்ணாலை பாத்தனான்.”

அவள் கரையில் நின்று அண்ணாந்து பார்த்தாள். சட்டையின் முதல் பொத்தானைக் கழற்றினாள். கை அதிலேயே நின்றது.

“செத்தது எண்டு தெரியும் அக்கா. ஆனா அது இந்தப் பக்கம்தானே பாத்துக்கொண்டு நிக்குது.”

பொத்தானைத் திரும்பப் பூட்டினாள். சட்டையோடு நெஞ்சளவு தண்ணீருக்கு வந்து, ஒரு முறை முழுகினாள். எனக்காகத்தான் முழுகினாள் என்று நினைக்கிறேன். பிறகு கரையேறி, மாற்றுடுப்புக்கும் நிற்காமல் நேரே வேலைக்குப் போனாள். நான் உடுத்துக்கொண்டு வாடிக்குப் போனபோது அவள் சூடை மீனையும் சாளை மீனையும் பிரித்துக்கொண்டு இருந்தாள். ஈரச் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. கழற்றச் சொன்னேன், என் சீலையைத் தாறன் என்றேன். வேலை முடியட்டும் என்றாள். மத்தியானம் அது தானாகக் காய்ந்தபோது, பின்பக்கம் மஞ்சளாக நீர் ஊறி, துணி தோலோடு பிடித்திருந்தது.