நான் பழக்கிவிட்டவன்

பிளஸ் ஒன்னில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கு நான்தான் சிகரெட் பழக்கினேன். அவனாகக் கேட்கவில்லை. தனியாகப் புகைக்க எனக்குப் பயமாக இருந்தது. மாட்டிக்கொண்டால் கூட ஒருவன் இருக்கட்டும் என்றுதான் அவனை இழுத்தேன்.

என் அப்பாவுக்கு மாரண்டஹள்ளியில் தக்காளி மண்டி. பெட்டிக்கடையில் "அப்பாவுக்குங்க" என்றால் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். அவனுடைய அப்பாவுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம், மற்ற நாட்களில் கூலி வேலை. கிறிஸ்தவக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவன்தான் முன்னால் நின்று பாடுவான். பள்ளியிலும் அந்தக் குரலுக்காக அவனைக் கொண்டாடினார்கள். அது எனக்கு எரிச்சலாக இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

மைதானத்துக்குப் பின்னால் இருந்த தண்ணீர்த் தொட்டியின் மறைவில் முதல் தடவை இழுத்தபோது இருமி இருமி வாந்தி எடுத்தான். "தல சுத்துதுடா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். அடுத்த சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் முடிந்ததும் நான் கூப்பிடாமலே வந்தான்.

கொஞ்ச காலம் வாரத்துக்கு ஒன்றுதான், ஆளுக்குப் பாதி. "நெனச்சா விட்டுடலாம்" என்று இருவருமே சொல்லிக்கொண்டோம். அரையாண்டுத் தேர்வு வருவதற்குள் அவன் மாறியிருந்தான். இரண்டாவது பீரியடிலேயே முழங்கால் ஆடும். பேனா மூடியைக் கடித்துத் துப்புவான். சும்மா பேசினாலும் எரிந்து விழுவான்.

"ஞாயித்துக்கெழம பூசையில நிக்க முடியலடா. எப்படா திங்கக்கெழம வரும்னு இருக்குது" என்று ஒரு நாள் சொன்னான். தலைசுற்றலெல்லாம் போய்விட்டதாம். இழுத்தால்தான் மற்றவர்களைப் போல உட்கார முடிகிறதாம்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. நானும் அதே கதியில் இருப்பது தெரியவில்லை. என் பையில் எப்போதும் சிகரெட் இருந்ததால், அது இல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்று நான் பார்த்ததே இல்லை.

அதற்குப் பிறகு அவன் என் ரெக்கார்டு நோட்டை எழுதினான். என் பையைத் தூக்கி வந்தான். தீர்ந்துபோய்விட்டது என்று பொய் சொல்லிவிட்டு, அவன் முகம் தொங்கிப்போனதும் பாக்கெட்டைத் தட்டிக் காட்டுவேன்.

ஒரு சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் வகுப்புப் பையன்கள் நாலு பேர் கூட இருந்தார்கள். அவன் என்னை ஓரமாகக் கூப்பிட்டான்.

"ஒரே ஒரு இழுப்பு குடுடா."

"கோயில்ல மாதா பாட்டு பாடுவியே, அதப் பாடு. தரேன்."

"இங்கயா? ஆளுங்க இருக்குறாங்கடா."

"அப்ப வூட்டுக்குப் போ."

பாலக்கோடு பஸ்ஸுக்காகக் காய் மூட்டைகளோடு பெண்கள் நின்றிருந்தார்கள். அவர்களைப் பார்த்தான், பிறகு பாக்கெட்டின் மேல் இருந்த என் கையைப் பார்த்தான். பாடினான். இரண்டாவது வரியிலேயே குரல் கம்மி இருமல் வந்துவிட்டது. பையன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கழிப்பறைச் சுவருக்குப் பின்னால் போய், சிகரெட்டை அடிவரை நானே இழுத்துவிட்டுக் கடைசித் துண்டை நீட்டினேன். உதடு சுடச்சுட அதையும் இழுத்தான்.

அடுத்த மாதம் விளையாட்டு ஆசிரியர் எங்கள் இருவரையும் தொட்டி மறைவில் பிடித்தார். தலைமை ஆசிரியர் அறையில் நான் முந்திக்கொண்டேன்.

"எனக்குப் பழக்கமில்லீங்க சார். இவந்தான் கொண்டாந்தான். வேணாம்னு சொல்லப் போனேனுங்க."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். என் அப்பா வந்தபோது நாற்காலி போட்டார்கள். அவனுடைய அப்பா வயல்காட்டிலிருந்து சேற்றுக் காலோடு ஓடி வந்து வாசலிலேயே நின்றார். "ஒரு தடவ மன்னிச்சுக்குங்க சார், படிக்கட்டுங்க" என்று கும்பிட்டார். தலைமை ஆசிரியர் இரங்கவில்லை. அங்கேயே மகனை அறைந்தார். அறைந்த கையாலேயே டி.சி.யை வாங்கிக்கொண்டு போனார். அவன் ஓசூருக்குக் கம்பெனி வேலைக்குப் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

பயத்தில் சிகரெட்டை விட்டுவிட நினைத்தேன். மூன்றாவது நாள், "சாப்பிட வாடா" என்று இரண்டாவது முறை கூப்பிட்ட அம்மாவின் மேல், பரிமாறி வைத்திருந்த தட்டை விட்டெறிந்தேன். கொதிக்கிற சாம்பார் அவள் பாதத்தில் கொட்டியது. அவள் அழுதுகொண்டிருக்கும்போதே கடைக்குப் போய் ஒன்று வாங்கிப் பற்ற வைத்தேன். முதல் இழுப்பில் உடம்பு அடங்கியது. அவனை நான் எதில் தள்ளினேன் என்பது அப்போதுதான் புரிந்தது. புரிந்தும் நான் விடவில்லை.

போன வருடம் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்தேன். தோளில் தூங்கும் பெண் குழந்தை. நானே போய்ப் பேசினேன். குழந்தை பிறந்த பிறகுதான் சிகரெட்டை விட்டானாம். நாலு தடவை விட்டு, நாலு தடவையும் திரும்பப் பிடித்து, ஐந்தாவது தடவைதான் நின்றதாம்.

"அன்னிக்கு ஸ்கூல்ல நான் பண்ணுனது..." என்று தொடங்கினேன். பல வருடங்களாக மனதில் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் அவை. பேசிக்கொண்டே என் கை தானாகப் பாக்கெட்டிலிருந்து சிகரெட்டை எடுத்து வாயில் வைத்துவிட்டது.

அவன் குழந்தையை மறு தோளுக்கு மாற்றினான்.

"அந்தப் பக்கம் போய்ப் பத்த வைடா. அந்த வாசன பட்டா எனக்கு இன்னிக்கும் தாங்காது."

சிகரெட்டைத் திரும்ப உள்ளே வைத்திருக்கலாம். சொல்ல வந்ததைச் சொல்லி முடித்திருக்கலாம். நான் தூண் தாண்டிப் போய்ப் பற்ற வைத்தேன். இரண்டு இழுப்பு இழுப்பதற்குள் தர்மபுரி பஸ் வந்தது. அவன் ஏறுவதைப் பார்த்தேன். ஓடியிருந்தால் பிடித்திருப்பேன். கையில் இன்னும் பாதி இருந்தது.