நேற்றுச் செத்த வரிக்குதிரை

துர்க்கானா ஏரியின் மேற்குக் கரையில் அருபே பத்தொன்பது வருடமாகத் தரையைப் பார்த்தே நடக்கிறாள். ஆதிமனிதரின் கல்லாகிப்போன எலும்புகளைத் தேடுவது அவள் வேலை. கண்டால் தொடக் கூடாது. பக்கத்தில் கற்களைக் குவித்து அடையாளம் வைத்துவிட்டு வரவேண்டும். பிறகு ஆராய்ச்சி முகாமின் தலைவர் டாக்டர் ரெயின்ஹார்ட் வந்து மண்டியிட்டு, தூரிகையால் மண்ணைத் தட்டி அதைக் ‘கண்டுபிடிப்பார்’. அவள் கண்ட தாடையெலும்பு ஒன்று நாலு நாட்டுப் பத்திரிகைகளில் வந்தது. படத்தில் டாக்டர் இருந்தார், அவர் தொப்பி இருந்தது, கற்குவியல்கூட இருந்தது. அவள் இல்லை.

அந்தத் தாடைக்காரன் எந்த வயதில் செத்தான், என்ன தின்றான், பல்வலியில் எத்தனை நாள் துடித்தான் என்றெல்லாம் டாக்டர் சொல்வார். பதினைந்து லட்சம் வருடத்துக்கு முந்தைய சங்கதி. மறுத்துப் பேச அவனும் வரப்போவதில்லை.

சென்ற பிப்ரவரியில் முகாமுக்கு அருகே ஒரு வரிக்குதிரை செத்துக் கிடந்தது. டாக்டருக்கு ஒரே குஷி. பழைய எலும்புகளோடு ஒப்பிட்டுப் பார்க்கப் புது எலும்புக்கூடு தேடி அலைந்துகொண்டிருந்தவர் அவர். ஓடிப்போய், வெறுங்கையால் அதன் வாயைப் பிளந்து பல்லை எண்ணினார்.

“அருபே, தோலை உரிச்சிடு. கறியை நீங்களே வச்சுக்கோங்க.”

அருபே கிட்டே போகவில்லை. வயிறு ஊதியிருந்தது. மூக்கில் வழிந்த ரத்தம் கறுத்திருந்தும் உறையவில்லை.

“இது அடைப்பான் நோய் டாக்டர். கத்தி படக் கூடாது. கீறினா இந்த மண்ணே கெட்டுப்போகும்.”

“உங்க ஊர் மூடநம்பிக்கையெல்லாம் இங்க வேணாம்.”

“நம்பிக்கையா? எங்க ஆடு முப்பது இப்படித்தான் போச்சு. அந்தக் கறியைத் தின்னு எங்கண்ணனும் போனான்.”

“உரிக்கலைன்னா அடுத்த வருஷம் நீ வரவேண்டாம்.”

அருபேயின் மூன்று பிள்ளைகளின் படிப்பு இந்த வேலையில்தான் ஓடுகிறது. அதற்குள் சமையல்காரன் எக்கிட்டெலா கத்தியோடு வந்துவிட்டான். கறி என்ற சொல் மட்டும் அவன் காதில் விழுந்திருந்தது.

“நான் உரிக்கிறேன்க்கா. நீ போய் உக்காரு.”

“உரிடா. அதுக்கு முன்னாடி, உன் பொண்டாட்டியை யார் பாத்துக்கணும்னு சொல்லிடு.”

அவன் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டான். அருபே முள்கிளைகளை வெட்டி வந்து, நாயும் கழுதைப்புலியும் அண்டாதபடி உடலைச் சுற்றி அடைத்தாள். ஓட்டுநரை விலங்கு மருத்துவரிடம் அனுப்பினாள். டாக்டரோ கூடாரத்துக்குள் உட்கார்ந்து, அவளுக்குப் பதிலாக யாரை எடுக்கலாம் என்று பெயர்களை எழுதினார்.

மறுநாள் மருத்துவர் வந்தார். கையுறை போட்டுக்கொண்டு காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, ஜீப்பின் மேல் நுண்ணோக்கியை வைத்துப் பார்த்தார்.

“அடைப்பான்தான், ஆந்த்ராக்ஸ். கொளுத்திடணும். யாராவது இதைத் தொட்டீங்களா? தொட்ட இடம் புண்ணாகிக் கறுத்துப்போகும்.”

டாக்டர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். பள்ளிக்கூடத்தில் மிட்டாய் திருடியவன் அப்படித்தான் நிற்பான்.

அவருக்கு மாத்திரை கொடுத்தார்கள். மாலையில் அவர் அருபேயைத் தேடி வந்து கையை நீட்டினார்.

“கொஞ்சம் பாரேன். கறுக்குதா?”

அவள் அவசரப்படாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இன்னும் இல்லை.”

“அடுத்த வருஷம் நீ கண்டிப்பா வந்துடணும், சரியா?”

“வர்றேன் டாக்டர். மாத்திரையை விடாம முழுங்குங்க. நான் வர்றப்போ நீங்க இருக்கணும்ல.”