நான் வயரிங் செய்த ஹீட்டர்

தொண்ணூறுகளின் கடைசியில் என் சகலை கன்னடப் பகுதியான ஹெப்பகோடியில் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, இரும்புச் சாமான்களுக்குப் பவுடர் பெயிண்ட் அடித்துக்கொடுக்கும் தொழிலைத் தொடங்கினார். என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். நான் அப்போது ஃபேக்டரிகளுக்கு வயரிங் வேலை எடுத்துச் செய்துகொண்டிருந்தேன். வீட்டிலேயே ஆள் இருக்கும்போது வெளியாள் எதற்கு என்று மாமியார்தான் பேசி முடித்தார்.

பெயிண்டைச் சூட்டில் இறுகவைக்க அவர் வாங்கியிருந்தது கேஸில் ஓடும் கேட்டலிட்டிக் ஹீட்டர். பார்க்க அகலமான பலகை மாதிரி இருக்கும். உள்ளே, கேஸைத் தீயில்லாமலே எரியவைக்கும் மருந்து ஏற்றிய மெத்தை. முதலில் கரண்டு கொடுத்து அந்த மெத்தையைக் காயவைக்க வேண்டும். நன்றாகச் சூடேறிய பிறகுதான் கேஸ் வால்வு திறக்கலாம். இல்லாவிட்டால் கேஸ் எரியாமல் அப்படியே வெளியே வந்துவிடும். எரியும்போது தீ கண்ணுக்குத் தெரியாது. அதனாலேயே அதைப் பற்றி யாருக்கும் பயம் வருவதில்லை. ஆனால் அதுவும் ஷெட்டுக்குள் இருக்கும் காற்றைத் தின்றுதான் எரிகிறது. காற்று குறைந்தால் வாசனையே இல்லாத விஷப்புகை சேரும்.

சுவரின் அடியில் புதுக்காற்று வர வழிகள் விடச் சொன்னேன். மேலே பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன். அதன் குழாயில் காற்று ஓடுகிறதா என்று உணரும் ஒரு சுவிட்ச் வைத்து, அதன் வழியாகத்தான் கேஸ் வால்வுக்குக் கரண்டு போகும்படி இழுத்தேன். ஃபேன் நின்றால் வால்வு தானாக மூடிக்கொள்ளும்.

அதுதான் சகலைக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பக்கம் கரண்டு அடிக்கடி போகும். போனால் கேஸும் நிற்கும். வந்ததும் மறுபடி மெத்தையைக் காயவைக்க வேண்டும். உள்ளே தொங்கும் சரக்கு பாழ். ஒரு சின்ன ஜெனரேட்டர் வாங்கினார். அது விளக்கையும் வால்வையும் தாங்கும், அந்த ஃபேனைத் தாங்காது. சுவிட்சைத் தாண்டி வால்வுக்கு நேராக ஒரு வயர் போட்டுக்கொடு என்று கேட்டார். முடியாது, பெரிய ஜெனரேட்டர் வாங்குங்கள் என்றேன்.

“சும்னே பயமுறுத்தாத சகல. ஷெட்டு இவ்ளோ பெருசா இருக்குது, காத்துக்கு இன்னா பஞ்சம்?” என்றார்.

அதற்குமேல் அவர் என்னைக் கூப்பிடவில்லை. வேறொருவரை வைத்து அந்த வயரைப் போட்டுக்கொண்டார். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

குளிர்காலத்தில் ஒரு காலை வேலை நேரத்தில் கரண்டு போயிருக்கிறது. ஈரமான பெயிண்ட் மாதிரி இந்தப் பவுடரிலும் தூசி ஒட்டும் என்று சுவரடி வழிகளைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். ஃபேன் நின்றது, சின்ன ஜெனரேட்டரின் கரண்டில் வால்வு மூடாமல் ஹீட்டர் ஓடிக்கொண்டேயிருந்தது. சாமான்களைக் கொக்கியில் மாட்டும் பெண்களுக்குத் தலைவலி வந்தது. இருவர் வெளியே வந்து வாந்தியெடுத்தார்கள். ஹீட்டருக்கு மிக அருகில் இருந்த, சந்தாபுராவிலிருந்து வேலைக்கு வரும் ஒரு பெண் நின்ற இடத்திலேயே சாய்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் கண்விழிக்க வெகுநேரமானது.

ஃபேக்டரிகளைச் சோதிக்கும் அரசாங்க அதிகாரி பார்வையிட வந்த அன்று சகலை எனக்கு ஆளனுப்பினார். நான் போனபோது தகரம் இல்லை. வயரிங் பெட்டியைத் திறந்தேன், சுவிட்சைத் தாண்டிப் போட்ட அந்த வயரும் இல்லை. வயரை முடுக்கும் டெர்மினல் திருகில் மட்டும் புதிதாகக் கழற்றிய பளபளப்பு. அதிகாரி ஃபேனை நிறுத்தச் சொன்னார். வால்வு டக்கென்று மூடியது. சகலை என் தோளில் கைபோட்டு, எங்கள் வீட்டு ஆள் செய்தது, குறையே இருக்காது என்று கன்னடத்தில் பெருமையாகச் சொன்னார். நான் திருகைக் காட்டி, இங்கே ஒரு வயர் இருந்திருக்கிறது என்றேன். நீ கண்ணால் பார்த்தாயா என்று அதிகாரி கேட்டார். பார்க்கவில்லை. அவ்வளவுதான். ஹீட்டரில் பழுதில்லை, வெறும் வயிற்றோடு வந்து மயங்கியிருக்கிறாள் என்று முடித்துவிட்டார்கள்.

சில வாரம் கழித்து அவள் தன் புருஷனோடு என் வீடு தேடி வந்தாள். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தும் காபி தளும்பியது.

“உங்க வயரிங் சரியா இருக்குதுன்னு சொல்லித்தாண்ணா ஒண்ணும் தராம என்னைத் தள்ளிட்டாங்க,” என்றாள். “நீங்க கொஞ்சம் மோசமா செஞ்சிருந்தா எனக்கு ஒரு வழி பொறந்திருக்கும்.”

கோபமாகச் சொல்லவில்லை.

அவர்களோடு லேபர் ஆபீசுக்குப் போய் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கூட வேலை செய்த பெண்கள் வரவில்லை. அவர்களுக்கு வேலை வேண்டும். விஷயம் தெரிந்ததும் மாமியார் வந்து, என் பெரிய மகளின் வாழ்க்கையில் கைவைக்கிறாயே என்று வாசலிலேயே நின்று அழுதார். மனைவி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்புறம் அக்கா வீட்டு விசேஷம் எதற்கும் எங்களைக் கூப்பிடவில்லை. அதற்கு என் மனைவி என்னைத்தான் குற்றம் சொன்னாள், சொல்வதை நிறுத்தியதுமில்லை.

லேபர் ஆபீஸ் விவகாரம் இழுத்துக்கொண்டே போய் ஒன்றுமில்லாமல் ஆனது. சகலை பக்கத்து ஷெட்டையும் எடுத்து இரண்டாவது ஹீட்டர் போட்டார். அந்தப் பெண்ணை ஒருமுறை சந்தாபுரா பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். புருஷன் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். நான் போய்ப் பேசினேன். அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. “வயர் போட்டவரு,” என்று அவன் எடுத்துச் சொன்னான். அவள் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு, பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தாள்.