ஆத்தா எண்ணெயும் கரண்டு மெசினும்

பூசைக்கு வந்திருக்க எல்லாரும் கேளுங்க. போன தை மாசம் லிந்துலப் பக்கம் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கிட்டு இருக்கும்போதே எனக்கு வாய் கோணிச்சு, வலது கையும் காலும் தொங்கிருச்சு. பாரிசவாதம்னாங்க. கால் ஒரு மாசத்துல வந்துருச்சு. கை வரல. விரலெல்லாம் உள்ளுக்கு மடிஞ்சு இறுகிப் போச்சு. ஒத்தக் கையால எவ கொழுந்து எடுப்பா? ஆவணிக்குள்ள கொழுந்து மலைக்கு வரலன்னா வேலையிலருந்து பேரை வெட்டிருவேன்னு, தோட்டத்துல வேலை வாங்குற கண்டாக்கையா நாங்க குடியிருக்க லயத்துக்கே வந்து சொல்லிட்டுப் போனாரு. புருசனும் இல்லாதவ நான். வேலையும் போனா நாத்தனா செல்வி கையப் பாத்துக்கிட்டே சாகணும்.

சோறு ஊட்டுனதும் அவதான். ஒவ்வொரு உருண்டைக்கும் ஒரு பேச்சு. அவளையும் வெறுத்தேன், மாரியாத்தாளையும் வெறுத்தேன். வருசா வருசம் தீச்சட்டி தூக்குன கையிங்க இது! "இதுக்குத்தான் தூக்குனேனாடி?"ன்னு ஆத்தா மூஞ்சிக்கு நேராவே கேட்டேன்.

டவுன் ஆஸ்பத்திரியில கைக்குக் கரண்டு வச்சாங்க. முழங்கைக்குக் கீழ ரெண்டு பட்டைய ஒட்டி மெசினப் போட்டா விரல் தானா விரியணுமாம். எனக்குச் சுருக்கு சுருக்குன்னு குத்துனதோட சரி. மூணு வாரம் பஸ்ஸுல அலைஞ்சேன். செல்வி தினமும் கோயில் விளக்கு எண்ணெயக் கையில தேய்ச்சு விடுவா. நான் துணியால தொடச்சிட்டுப் போவேன். எண்ணெயப் பத்தி ஆஸ்பத்திரியில மூச்சு விடல. ஆத்தா மருந்து அவங்களுக்கு எதுக்குன்னு நெனச்சேன்.

ஒருநாள் தொடைக்க மறந்துட்டேன். பட்டை வழுக்கி வழுக்கி விழுந்துச்சு. கரண்டு வைக்கிற சிங்களப் புள்ள கையத் தடவிப் பாத்துட்டு, "அம்மா, எண்ணெ இருந்தா கரண்டு உள்ள போகாது. சவுக்காரம் போட்டுக் கழுவிட்டு வாங்க"ன்னுச்சு.

பைப்படியில நின்னு அழுதேன். ஆத்தா எண்ணெயக் கழுவுறதா? அப்புறம் வந்துச்சு பாருங்க கோவம்! "நீ எண்ணெயில மட்டும் இருந்தா தண்ணியோட போயிரு. எனக்குள்ள இருந்தா இந்தக் கையத் தொறடி!"ன்னு கத்திக்கிட்டே தேய்ச்சுக் கழுவுனேன்.

மெசினப் போட்டுச்சு அந்தப் புள்ள. மடிஞ்சு கெடந்த விரல் அஞ்சும் மெதுவா விரிஞ்சுச்சு. "ஆத்தா!"ன்னு நான் போட்ட சத்தத்துல எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க.

அன்னைக்கே சரியாயிரல. கரண்டு வச்சு வச்சு ஆடியிலதான் விரல் எம் பேச்சக் கேட்டுச்சு. அந்தக் கையால மொத மொதலா சோத்த உருட்டி, "இப்ப பேசுடி"ன்னு செல்வி வாயில திணிச்சேன். மென்னுக்கிட்டே அழுதா. அவ ஊட்டலன்னா நான் செத்திருப்பேன். அதையும் சொல்லணும்ல.

ஆவணி பொறந்ததும் மலைக்குப் போனேன். கொழுந்து கொறைச்சல்னு அரைப் பேருதான், அரை நாள் சம்பளந்தான் விழுது, விழட்டும். கண்டாக்கையா கையப் பாத்துட்டு எம் பேரை எழுதிக்கிட்டாரு.

உங்க வீட்டுலயும் கை விழுந்தவங்க இருந்தா ஆத்தாகிட்ட சண்டை போடுங்க, அவ தாங்குவா. கரண்டு வைக்கப் போகும்போது மட்டும் கையச் சவுக்காரம் போட்டுக் கழுவிட்டுப் போங்க. அவ கோவிச்சுக்க மாட்டா. கழுவுனவ சொல்றேன்.