நாற்பது ரிலே, முப்பத்தொன்பது பொட்டு

எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலிலிருந்து பாய்லர் கூடத்தின் கதவுக்கு என் நடையில் நூற்றுப் பன்னிரண்டு அடி. பத்து வயதில் அளந்தது. முருங்கையில் எத்தனை காய், சுவரில் எத்தனை பல்லி என்பதுவரை அப்போது எனக்குத் தெரியும். எண்ணாமல் விட்டால் எதுவோ தொலைந்துபோகும் என்றொரு பயம். அது இன்னும் போகவில்லை.

சித்தூருக்குப் பக்கத்தில் ஒரு சர்க்கரை ஆலை. எழுபதுகளின் தொடக்கம். என் அப்பா, எங்கள் பேச்சில் நைனா, அங்கே பாய்லர் பேனல் ஆபரேட்டர். பேனல் என்பது ஆள் உயர இரும்பு அலமாரி. உள்ளே வரிசையாக ரிலேக்கள். நெருப்பு, காற்று, தண்ணீர் என்று ஒவ்வொன்றையும் ஒரு ரிலே கவனித்து, அளவு தப்பினால் பாய்லரை நிறுத்திவிடும்.

ஆயுத பூஜை அன்று மட்டும் குடும்பங்களை உள்ளே விடுவார்கள். ரிலே மூடிகளுக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கும் வேலையை அந்த வருஷம் நைனா எனக்குக் கொடுத்தார். மொத்தம் நாற்பது. பதினேழாவதற்கு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அத்த வுடு. அதுக்கு வேணாம்.”

“ஏன் நைனா?”

“அது கோச்சிக்கினு கீது. தொட்டா கத்தும்.”

நாற்பதில் முப்பத்தொன்பது. பல்லில் சிக்கிய நார்போல அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்தப் பேனலுக்கு அதுவே கடைசிப் பூஜை. மெட்ராஸிலிருந்து ஓர் இன்ஜினியர் புது எலெக்ட்ரானிக் பேனலோடு வந்தார். பழையதைக் கழற்றிக் கூடத்துக்கு வெளியே சாய்த்து வைத்தார்கள். அரவை தொடங்கிய மூன்று நாளில் பாய்லர் பதினோரு தடவை நின்றது. ஒவ்வொரு தடவையும் புதுப் பேனலில் எரிந்தது ஒரே சிவப்பு விளக்கு: தண்ணீர் குறைவு. கேட்டுக்கு வெளியே அறுபத்து மூன்று கரும்பு வண்டிகள்.

“ஈ பெட்டெ அபத்தம் செப்தோந்தி!” என்று மேனேஜர் தெலுங்கில் கத்தினார். பெட்டி பொய் சொல்கிறதாம். மறுநாள் காலைக்குள் சரியாகாவிட்டால் பழையதையே மாட்டிவிட்டு இன்ஜினியர் ஊருக்குப் போகலாம் என்றார்.

“நம்ம பழசு நாலு வருசத்துல ஒரு தபாவாச்சும் இப்டி நின்னுதா?” என்று கூட்டாளிகள் நைனாவின் முதுகில் தட்டினார்கள். நைனா சிரிக்கவில்லை.

அன்று மாலை இன்ஜினியர் பழைய பேனலின் முன் குந்தி, வரைபடத்தைப் பார்த்து ரிலேக்களை எண்ணிக்கொண்டிருந்தார். யாராவது எண்ணினால் என்னால் சும்மா இருக்க முடியாது.

“நாப்பது சார். ஆனா பொட்டு முப்பத்தொம்பதுதான். பதினேழுக்கு வைக்கக் கூடாதுன்னு நைனா சொல்லிச்சு.”

அவர் பதினேழாவதன் மூடியைக் கழற்றினார். தண்ணீர் குறைந்தால் பாய்லரை நிறுத்த வேண்டிய ரிலே அது. நாலாக மடித்த தீப்பெட்டி அட்டை ஒன்று, அதை அசையவிடாமல் முட்டுக் கொடுத்திருந்தது.

மேனேஜரிடம் போகாமல் அவர் நேரே நைனாவிடம் போனார். நானும் பின்னால் ஓடினேன். இன்ஜினியரின் உள்ளங்கையிலிருந்த அட்டையை நைனா பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நான்தான் வெச்சேன் சார். தண்ணி கொஞ்சம் எறங்கினாலே நின்னுடும். நின்னா மேனேஜர் என் தலயத்தான் துன்னுவாரு. ஒரு நாளைக்குன்னு வெச்சது, நாலு சீசன் ஆயிடுச்சு.”

“தண்ணி வத்தி பாய்லர் வெடிச்சிருந்தா?”

நைனா அட்டையை வாங்கிக்கொண்டு தானே மேனேஜர் அறைக்குப் போனார்.

மறுநாள் தண்ணீர்க் குழாயின் வால்வைப் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே தேய்ந்துபோயிருந்தது. மாற்றியதும் புதுப் பேனல் வாயே திறக்கவில்லை. நைனாவைக் கரும்பு எடைமேடைக்கு மாற்றினார்கள். “உன் வாய்க்குப் பூட்டு போடணும்டா” என்று அம்மா தொடையில் கிள்ளினாள். ஏழு கிள்ளு.

ஆனால் நான் மறக்காதது அதற்கு முந்தைய அந்த மாலையைத்தான். மேனேஜர் அறையிலிருந்து வந்த நைனா வீட்டுக்குள் வரவில்லை. பாய்லர் கூடத்தின் கதவடியில் போய் நின்றார். எங்கள் வாசலில், ராத்திரி நான் படுக்கும், அப்போது நான் உட்கார்ந்திருந்த கயிற்றுக் கட்டிலைப் பார்த்தபடி மெல்ல நடந்து வந்தார். உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

“இங்கேர்ந்து அங்க எத்தினி அடிடா?”

“நூத்திப் பன்னண்டு நைனா” என்றேன், பெருமையாக.

அவர் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

என் கணக்குதான் தப்பு என்று நினைத்து, நான் இறங்கிப் போய் முதல் அடியிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கினேன்.