கேட் மூடினால் சவரம்

ரயில்வே கேட் மூடித் திறப்பதற்குள் ஒரு முகத்தை மழித்து, துடைத்து, படிகாரம் தடவி அனுப்பத் தெரிந்த ஆள் அந்த ஊரில் ஒருவர்தான். அதனால் அவருக்கு மின்னல் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. மின்னல் என்றால் இடியும் இருக்க வேண்டுமே, அது வீட்டில் இருந்தது. சம்சாரம் வாசலில் நின்று கூப்பிட்டால் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள்.

கடை என்று பெரிதாக ஒன்றுமில்லை. கேட்டை ஒட்டிய மரத்தடியில் ஒரு கால் குட்டையான நாற்காலி, அதற்கு முட்டுக்கொடுக்க ஒரு செங்கல், மரத்தில் ஆணியடித்து மாட்டிய கண்ணாடி. மணி அடித்துக் கேட் இறங்கியதும் லாரிக்காரர்கள் இன்ஜினை அணைத்துவிட்டுக் கன்னத்தைத் தடவியபடி இறங்கி வருவார்கள். மற்ற ஊர்களில் ரயில் லேட்டானால் திட்டுவார்கள். மின்னலோ, ரயில் சரியான நேரத்துக்கு வந்துவிட்டால் திட்டுவார்.

அந்த இடத்தில் மேம்பாலம் வரப்போகிறது என்று அறிவித்தார்கள். பள்ளிக்கூட மண்டபத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. இளம் இன்ஜினியர் ஒருவர் திரையில் படம் போட்டு, கேட்டில் நிற்கும் வண்டிகளால் எவ்வளவு டீசல் புகையாகப் போகிறது, பாலம் வந்தால் எத்தனை தொழிற்சாலை வரும், நாட்டின் வளர்ச்சி எப்படி ஏறும் என்று விளக்கினார். படத்தில் அந்த வளர்ச்சிக் கோடு மேலே ஏறிக்கொண்டே போய்த் திரையை விட்டு வெளியே போய்விட்டது.

மின்னல் எழுந்தார். "சார், நாடு வளரட்டும், வேண்டாங்கல. எல்லாரும் பாலத்து மேல பறந்துட்டா நான் யாருக்கு சவரம் பண்ணுறது? காக்காய்க்கா?"

மண்டபம் சிரித்தது. கேட்டில் வெள்ளரிக்காய் விற்கும் பெண்தான் முதலில் கைதட்டினாள். கேட்டை நம்பிப் பிழைத்த அத்தனை பேரும் அன்றிலிருந்து மின்னலைத் தலைவராக்கிவிட்டார்கள். பதவி ஏறியதும் அவருக்கு நடையே மாறிவிட்டது. "இனிமே சவரக் கத்தி எதுக்கு? வீட்டுலயே வச்சுட்டுப் போங்க, தலைவரே" என்றாள் சம்சாரம்.

கொஞ்ச நாளில் அதே இன்ஜினியர் மண் பரிசோதனைக்கு வந்து, கேட் மூடியதால் மாட்டிக்கொண்டு, வேறு வழியின்றி மின்னலின் நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரி கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்ததில் மின்னலுக்கு அலாதி சந்தோஷம். சோப்பு நுரையைத் தாராளமாக அப்பினார்.

"பேசாதீங்க சார், வாய்க்குள்ள போயிடும்" என்று சொல்லிவிட்டு, பாலத்துக்கு எதிராகத் தன்னிடமிருந்த வாதங்களை ஒன்று விடாமல் எடுத்துவிட்டார். இன்ஜினியரால் கண்ணை மட்டுமே உருட்ட முடிந்தது.

சரக்கு ரயில் ஒன்று வந்தது. வந்தது, போகவில்லை. கேட்டின் நட்டநடுவில் நின்றுவிட்டது. சிக்னல் கோளாறாம். பெட்டி பெட்டியாக இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டும் வரை ரயில்தான்.

அப்போதுதான் பெட்டிகளுக்கு அப்பாலிருந்து அந்தக் குரல் கேட்டது. "யோவ்! ஆஸ்பத்திரிக்குப் போகணும்யா! பொண்ணுக்கு வலி எடுத்துடுச்சு!"

இடியின் குரல். நிறைமாதமாக இருந்த மகளை வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். ஆஸ்பத்திரியோ மின்னல் நிற்கும் பக்கம்.

மின்னல் கேட் கீப்பரின் அறைக்கு ஓடினார். "ரயில நகத்துய்யா!"

"என்ன, சைக்கிளா அது, தள்ளிவிட?" என்றார் கேட் கீப்பர். அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. "சொல்லிட்டே இருக்கேன் மின்னல். மேல இருந்து உத்தரவு வரணும்."

மேலே இருந்தவர்களின் பரம்பரை முழுவதையும் மின்னல் ஒரே மூச்சில் திட்டினார். பிறகு ரயிலை, தண்டவாளத்தை, தண்டவாளம் போட்டவனை. கடைசியில் இத்தனை வருஷம் சோறு போட்ட அந்தக் கேட்டையே, அச்சில் ஏற்ற முடியாத வார்த்தையில். கேட் கீப்பர் கத்தக் கத்தக் கேட்காமல், பெட்டிக்கு அடியில் படுத்து ஊர்ந்து அந்தப் பக்கம் போனார். கையில் சோப்பு பிரஷ் அப்படியே இருந்தது.

காரைச் சுற்றிப் பெண்கள் சேலைகளைப் பிடித்து மறைப்புக் கட்டியிருந்தார்கள். பின்னால் நின்ற பேருந்திலிருந்து ஒரு நர்ஸ் இறங்கி வந்து வேலையைக் கையில் எடுத்திருந்தார். மின்னல் மறைப்புக்கு இந்தப் பக்கம் நின்று பிரஷ்ஷை இறுகப் பிடித்துக்கொண்டு அழுதார். உள்ளே இருந்து சம்சாரத்தின் அதட்டல்: "அழுறத நிறுத்திட்டு ஒரு போர்வை தேடுங்க!" ஒரு லாரிக்காரர் தன் போர்வையைக் கொடுத்தார். டீசல் வாசனையோடு அதில் பேத்தியைச் சுற்றி வெளியே காட்டினார்கள். அதற்குப் பிறகுதான் ரயிலுக்கு உத்தரவு வந்தது.

கேட் திறந்தது. அந்தப் பக்கம் இன்ஜினியர் காய்ந்த நுரையோடு நின்றுகொண்டிருந்தார். காருக்கு வழிவிடச் சொல்லி லாரிகளை ஒதுக்கியது அவர்தான். அந்த முகத்தைப் பார்த்து லாரிக்காரர்கள் ஏன் கீழ்ப்படிந்தார்கள் என்பதுதான் விளங்கவில்லை. தாயும் பிள்ளையும் நலமாக ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார்கள்.

அடுத்த கூட்டத்தில் தலைவர் எழுந்து, "பாலத்த நாளைக்கே கட்டுங்க" என்றார்.

வெள்ளரிக்காய்க்காரி மண்டப வாசலிலேயே அவரை மறித்தாள். "உன் பேத்தி பொறந்துட்டா, நல்லா இருக்கட்டும். அதுக்காக என் பொழப்புல மண்ணப் போடுவியாண்ணே?"

எந்தக் கேள்விக்கும் வாயைத் திறக்கிற மின்னல், அன்று செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

பாலம் நாளைக்கே வரவில்லை. தூண்கள் எழுந்தன, வேலை நின்றது, காண்டிராக்டர் மாறினார், தூண்களில் சுவரொட்டி ஒட்டினார்கள். பேத்தி நடக்கக் கற்றுக்கொண்டு, ஓடக் கற்றுக்கொண்டு, பாட்டியைப் போலவே கத்தவும் கற்றுக்கொண்ட பிறகுதான் திறப்பு விழா நடந்தது. மறுநாளே கேட்டுக்கு நிரந்தரமாகப் பூட்டு. வண்டிகள் தலைக்கு மேலே சர்ரென்று போயின. மின்னல் நாற்காலியில் தானே உட்கார்ந்து கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைத்தெருவில் ஒரு அறை எடுத்துப் பார்த்தார். ஆற அமர உட்கார வந்தவர்களுக்கு அவர் வேகம் பிடிக்கவில்லை. "என்னய்யா, எங்கயாவது தீப்பிடிச்சிருச்சா?" என்று கேட்டுவிட்டு எதிர்க்கடைக்குப் போனார்கள். மெதுவாகச் செய்து பார்த்தார், கத்தி கன்னத்தில் கீறிவிட்டது.

இன்ஜினியர் சொன்ன தொழிற்சாலைகளில் ஒன்றே ஒன்று வந்தது, அட்டைப்பெட்டி செய்கிற கம்பெனி. முதலில் வேலைக்குச் சேர்ந்தது சம்சாரம். அந்தக் குரலைக் கேட்டதுமே, இயந்திரச் சத்தத்துக்கு நடுவிலும் இது எடுபடும் என்று மேற்பார்வையாளராக்கிவிட்டார்கள். இடைவேளையில் முடிவெட்டத் தோதான ஆள் யாரும் இல்லை என்று தொழிலாளர்கள் புலம்ப, "எங்க வீட்ல ஒருத்தர் சும்மா உக்காந்திருக்காரு" என்றாள்.

மின்னல் நாற்காலியோடு கம்பெனி வாசலுக்குக் குடிபெயர்ந்தார். டீ இடைவேளைக்குள் மழித்து அனுப்ப வேறு யாரால் முடியும்? வெள்ளரிக்காய்க்காரியையும் அங்கே கூட்டிவரப் பார்த்தார். அவள் அதற்குள் பிள்ளைகளோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள். எந்த ஊர் என்று சொல்ல ஆளில்லை. பாலத்தைப் புகழ்ந்து யாராவது பேசினால் மின்னல் மறுப்பதில்லை, தலையாட்டுவதுமில்லை. கத்தியைத் தீட்ட ஆரம்பித்துவிடுவார்.

ஒருநாள் வாசலில் நின்று சம்சாரம் கத்தினாள். "இடைவேளை முடிஞ்சு போச்சு! என் ஆளுங்கள விடுறீங்களா இல்லையா?"

"இந்தா ஆச்சு, மேடம்" என்றார் மின்னல்.